நடுவர் குறிப்பு

பெய்ஸ்லிக்குத் தெற்கே கிளெனிஃபர் மேடு.
அதன் உச்சியில், கார் நிறுத்துமிடத்தில்,
கைபேசியும் கையுமாக நான்.
நான் ஓட்டுவது மின்சாரக் கார்.
"அதுக்குக் கட்சி இல்லை நித்தி, நீதான் நடுவர்"
என்றுவிட்டார்கள் இருவரும்.
பதினோரு வருடத்தில்
அவர்கள் ஒத்துப்போன ஒரே தீர்மானம்.

டாம் லாக்ஹெட்டின் மினி,
அறுபதாம் வருடத்தது, வெளிர்நீலம்.
எஃபி கில்ஃபில்லனின் இம்ப், அறுபத்து மூன்று,
பிறந்தது லின்வுட் ஆலையில்.
இங்கிருந்து பார்த்தால் தெரியும்,
இப்போது அங்கே சோபா விற்கிறார்கள்.

இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

மினிக்கு எஞ்சின் முன்னால், குறுக்கே.
எண்ணூற்று நாற்பத்தெட்டு சிசி,
முப்பத்து நான்கு குதிரை.
இம்ப்புக்குப் பின்னால், முழுக்க அலுமினியம்,
எண்ணூற்று எழுபத்தைந்து,
சாப்பிட்ட களைப்பில் மாப்பிள்ளை சாய்ந்த மாதிரி
நாற்பத்தைந்து பாகை சாய்வு.
முப்பத்தொன்பது குதிரை.

ஐந்து குதிரை கூட, என்பாள் எஃபி.
இழுக்க நூறு கிலோவும் கூட, என்பார் டாம்.
அறுபது மைலைத் தொட
இதற்கு இருபத்தைந்து விநாடி, அதற்கு இருபத்தேழு.
அந்த இரண்டு விநாடிக்குள்
எத்தனை கிறிஸ்துமஸ் விருந்து கெட்டது என்று
எந்தக் கையேடும் சொல்லாது.

முன் டயருக்குப் பதினைந்து, பின் டயருக்கு முப்பது,
மாற்றிக் காற்றடித்தால் இம்ப் வளைவில் வாலைச் சுழற்றும்.
மினியின் கதவைத் திறக்க உள்ளே ஒரு கயிறு.
"கயிறு!" என்பாள் எஃபி, ஆட்டுக்கட்டா இது என்கிற குரலில்.

ஞாயிறு காலை ஆறு மணி நாலு நிமிடம்.
"போ!" என்றது தொலைபேசி.
அழுத்தினேன்.
அந்த விநாடிதான் மழையும் புறப்பட்டது.

மூன்று நிமிடம். ஐந்து.
ஒரு செம்மறி என்னை ஆராய்ந்துவிட்டுப் போனது.
ஒன்பது.
இறங்கி நடந்தேன்.

முதலில் இம்ப்.
பின்மூடி திறந்து, இட்லிக் கொப்பரை போல ஆவி.
சூடு தாங்காத எஞ்சின் என்பது ஊரறிந்தது,
எஃபி மட்டும் அறியாதது.
நனைந்து நின்றவள் கேட்டது வேறு:
"அவன் எங்கே?"

அவர் இரண்டு வளைவு கீழே.
முன்வலை வழியே மழை புகுந்து
டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்து
தும்மி, தும்மி, நின்றுபோயிருந்தது மினி.
ஒன்றுக்குத் தண்ணீர் எமன்,
மற்றதற்குத் தண்ணீர்தான் மருந்து.

பல் மருத்துவமனையில் வேலை எனக்கு.
மழைக்கோட்டுப் பையில் எப்போதும் கையுறை கிடக்கும்.
எஃபி தன் கழுத்துத்துணியால் ஈரம் ஒற்றி,
கையுறையின் விரல்நுனிகளைக் கடித்துத் துப்பினாள்.
பிளக் வயர் நான்கு, நடுவே ஒன்று.
விரல் ஐந்து.
கணக்கு இவ்வளவு சரியாகப் பொருந்தியதை
அவர்களுடைய எந்தப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை.
நடுநிலை போயிற்று.
ஒரு கையை மினிக்குக் கொடுத்துவிட்டேன்.

மினி உயிர்த்து மேலே வந்து இம்ப்பின் பக்கத்தில் நின்றது.
முந்தியிருக்கலாம்.
"கொதிக்கிற அலுமினியத்தில் பச்சைத்தண்ணீர் ஊற்றாதே,
விரிசல் விடும். ஆறட்டும்" என்றார் டாம்.
அரைமணி நேரம்.
மூவரும் மினிக்குள், முழங்கால் இடிக்க, மௌனமாக.
"உள்ளே இடம் இருக்கு, அதை ஒத்துக்கறேன்"
என்றாள் எஃபி, ஜன்னலைப் பார்த்து.
பிறகு டாம் தன் பிளாஸ்கைத் திறந்து
இளஞ்சூட்டுத் தேநீரை
இம்ப்பின் ரேடியேட்டரில் ஊற்றினார்.
பால் இல்லை. சர்க்கரை பற்றி நான் கேட்கவில்லை.

மாலை நாலரை.
கைபேசி ஏன் சுடுகிறது என்று எடுத்துப் பார்த்தால்
பத்து மணி இருபத்தாறு நிமிடம்,
ஓடிக்கொண்டே.

எதிர்வீட்டில் மறுபடி "ஐந்து குதிரை!" கேட்கிறது.
நிறுத்தவில்லை.
சார்ஜில் போட்டேன்.